என்னை ஐ-த்ரீ என்று கூப்பிடாதே

வினோஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு சிவக்கும். மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. அந்தத் திங்கட்கிழமை காலையில் காதும் மூக்கும் ஒன்றாகவே சிவந்துவிட்டன.

நடந்தது இதுதான். மல்லாவிக்குப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய பெட்டி வந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள், பாவித்த மடிக்கணினிகளைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். சிலது கறுப்பு, சிலது சாம்பல். சிலது செங்கல் தடிப்பு, சிலது கொப்பி அளவு மெல்லிசு. ஏழாம் வகுப்பில் படிப்பதே பத்துப் பேர்தான். ஆளுக்கு ஒன்று கிடைக்கும் என்று தெரிந்ததும் ஒருவருக்கும் வாங்குப் பலகையில் இருப்புக் கொள்ளவில்லை.

சுமித்திரா ரீச்சர் நல்லவர். ஆனால் சரியான அவசரக்காரர். எதை யாருக்குக் கொடுப்பது என்று நின்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. ஒவ்வொரு கணினியிலும் கை வைக்கும் இடத்தில் மினுங்கலாக ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது. சிலதில் ஐ-7, சிலதில் ஐ-5. இரண்டில் மட்டும் ஐ-3.

"இது உள்ளுக்குள்ள இருக்கிற புரொசெசரின்ர பேர். கொம்பியூட்டரின்ர மூளை எண்டு வையுங்கோ," என்றார் ரீச்சர். "ஏழு பெரிசு. அஞ்சு நடுத்தரம். மூண்டு சின்னன். சரி, போன தவணையில முதலாம் பிள்ளை ஆர்? ரஜிதன், வா. ஐ-செவனைப் பிடி."

அவ்வளவுதான். பரீட்சையில் யார் எத்தனையாம் பிள்ளையோ, அந்த வரிசையில் கணினிகள் போயின. முதலில் ஏழுகள் போயின. பிறகு ஐந்துகள் போயின. கடைசியில் மேசையில் மிஞ்சியவை அந்த இரண்டு மூன்றுகளும்தான்.

ஒன்பதாம் பிள்ளை வினோஜா. அவளுக்குக் கணக்கு வராது என்று இல்லை. கணித வினாத்தாளின் பின்பக்கத்தில் ஒரு குரங்கைக் கீறத் தொடங்கினாள். குரங்கின் வால் சரியாக வரவில்லை. வால் சரியாக வந்தபோது மணி அடித்துவிட்டது. பத்தாம் பிள்ளை அவளுடைய தோழி கிருசாந்தி. கிருசாந்திக்கு மெய்யாகவே கணக்கு வராது.

இடைவேளை வரமுன்னமே பெயர் வைத்துவிட்டார்கள். தொடங்கியது ரஜிதன்.

"ஏய் ஐ-த்ரீ, அந்தத் தண்ணிப் போத்திலை எடுத்துத் தா."

"ஆரையடா கூப்பிடுறாய்?" என்றாள் வினோஜா.

"உன்னைத்தான். நான் ஐ-செவன். நீ ஐ-த்ரீ. கிருசாந்தியும் ஐ-த்ரீ."

வகுப்பே சிரித்தது. ஐந்து கிடைத்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். தங்களுக்கு மூன்று கிடைக்கவில்லை என்ற சந்தோஷம் அவர்களுக்கு.

"எனக்குப் பரவாயில்லை," என்றாள் கிருசாந்தி, கொய்யாக்காய் ஒன்றைக் கடித்தபடி. "வீட்டில அண்ணா என்னை இதைவிட மோசமாக் கூப்பிடுவார்."

"எனக்குப் பரவாயிருக்கு," என்றாள் வினோஜா. போத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் அதற்குப் பிறகுதான் பெரிய அநியாயம் நடந்தது.

வினோஜா ஒரு கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை துணுக்காயில் நடக்க இருந்த, பள்ளிக்கூடங்களின் வலயப் போட்டிக்கான படம். ஒரு குரங்கு பள்ளிக்கூடத்துக்கு வருகிறது, வாங்கில் இருக்கிறது, வரவு இடாப்புக் கூப்பிடும்போது எல்லோருடைய பெயருக்கும் தானே கை தூக்குகிறது. சித்திரை விடுமுறை முழுவதும் இருந்து அதைக் கீறியிருந்தாள். ஒவ்வொரு தாளிலும் வால் கொஞ்சம் கொஞ்சமாக அசையும். அந்தத் தாள்களை ரீச்சர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். இனி அவற்றைக் கணினியில் அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, சத்தமும் சேர்த்தால் குரங்கு உயிரோடு நடக்கும். அதைத் தன் கையால் செய்து முடிக்க வேண்டும், தன் படம் துணுக்காய்க்குப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"இந்தப் படங்களை ரஜிதனிட்டக் குடுப்பம்," என்றார் ரீச்சர். "படம் சேர்க்கிறதுக்குப் பெரிய மெஷின் வேணும். உன்ர சின்னன் தாங்காது பிள்ளை."

"ரீச்சர், அது என்ர குரங்கு."

"ஓம், உன்ர குரங்குதான். அவன் சேர்த்துத் தரட்டும். ரெண்டு பேரின்ர பேரையும் போடுவம்."

"நான் ஒருக்கால் செய்து பாக்கிறன். தாங்குமோ எண்டு பாப்பம்."

"இப்ப பாத்துக்கொண்டிருக்க நேரமில்லை அம்மா. வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேணும்."

குரங்கு, வால், இடாப்பு எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏறி ரஜிதனின் மேசைக்குப் போயின.  ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் தாங்காது என்று எப்படிச் சொல்லலாம் என்பது மட்டும் அவளுடைய மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு செருப்பு வாசலிலும் மற்றது பூவரசின் கீழும் கிடந்தன.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை."

அம்மா மேலே கேட்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றப் போனார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அவர் ஸ்ராண்டைத் தட்டிய சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும். வவுனிக்குளத்துச் சிறுபோக விதைப்புக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"என்னப்பா?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லை."

"நல்ல வீடு," என்றார் அம்மா. "ரெண்டு பேர் கொதிச்சுக்கொண்டு நிக்கினம், அடுப்பிலதான் தண்ணி கொதிக்கேல்ல."

தேத்தண்ணீர் உள்ளே போன பிறகு அப்பா வாய் திறந்தார். "குளத்தில தண்ணி காணாதாம். எல்லாரும் முந்நூறுதான் விதைக்க வேணுமாம். நான் முந்நூற்றறுபதை ஆசையாப் பாத்துப் பாத்துச் சாக்கில கட்டி வச்சிருக்கிறன். இனி அதை மாரியில காலபோகத்துக்குத்தான் எடுக்கலாம்."

தம்பி நிரோஜன் இரண்டாம் வகுப்பு. அண்மையில்தான் நூறுகளை எண்ணப் பழகியிருந்தான். அதனால் எதைக் கண்டாலும் எண்ணுவான்.

"அப்பா, முந்நூறை விட முந்நூற்றறுபது பெரிசு," என்றான். "பிறகேன் சின்னனைப் போடச் சொல்லுகினம்? அவையளுக்கு எண்ணத் தெரியாதோ?"

கோபத்துக்குள்ளும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், அது எண்ணுற நூறில்லை. நெல்லின்ர பேர். முன்னுக்கு நிக்கிற மூண்டைத் தனியாப் பிரிச்சு வாசிக்க வேணும். முந்நூறு எண்டால் மூண்டு மாதத்தில விளையும். அறுபது சேர்ந்தால் மூண்டரை மாதம். நானூறு எண்டு வந்தால் நாலு மாதம். குளத்தில தண்ணி எவ்வளவு நாளைக்குக் காணுமோ, அதுக்கு ஏத்ததைப் போடுறது. பெரிசு சின்னன் எண்டு ஒண்டுமில்லை."

"அப்ப சாக்கில முந்நூறுக்கு முன்னால பி.ஜி. எண்டு எழுதியிருக்கே?"

"பத்தலகொட," என்றாள் வினோஜா வெடுக்கென்று. "அங்கதான் அந்த நெல்லைக் கண்டுபிடிச்சது. ஏ.ரி. எண்டால் அம்பலாந்தோட்டை. இதுகூடத் தெரியாதே உனக்கு?"

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெல்லின் பெயர்கள் பாடமாக்காமலே பாடம். விதைநெல் சாக்குகள் அடுக்கிய வீட்டுக்குள்தானே நடை பழகுகிறார்கள். வினோஜா தம்பியை இன்னும் இரண்டு பேச்சுப் பேசத்தான் நினைத்தாள். ஆனால் வாய்க்குக் கொண்டுபோன கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

ஒரு நெல்லை வெறும் பி.ஜி. என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெறும் பி.ஜி. என்று கேட்டால், எந்த பி.ஜி. என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். பின்னால் இருக்கும் இலக்கமும் சேர்ந்தால்தான் அது பெயர். அப்படியென்றால் ஐ-3 என்பது முழுப்பெயரா, அரைப்பெயரா?

அரைப்பெயரைப் பார்த்துவிட்டா என் குரங்கைப் பறித்தார்கள் என்று நினைத்ததும் காது மறுபடியும் சூடாகியது. தேத்தண்ணீர் ஆறிப்போனதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் கணினி அறைக்கு முதல் ஆளாகப் போனாள். அமைப்புகளைத் திறந்து, கணினியின் விபரம் காட்டும் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். அங்கே புரொசெசர் என்ற சொல்லுக்கு எதிரே நீளமாக ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. தொடக்கத்திலேயே பதினோராம் தலைமுறை என்று போட்டிருந்தது. அடுத்ததாக ஐ3. அதன் பின்னால் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பின்னால் 1115 ஜி4.

"ரஜிதன்," என்று கூப்பிட்டாள். "உன்ர முழுப்பேர் என்ன?"

"சிவபாதம் ரஜிதன். ஏன்?"

"உன்ர இல்லை. உன்ர லப்டொப்பின்ர. இந்தப் பக்கத்தைத் திறந்து வாசி."

ரஜிதன் திறந்தான். ஐ7, ஒரு கோடு, 2620 எம். அவனுடைய வரியில் தலைமுறை என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. அவன் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தான். அவனுடைய முகம் மலர்ந்துவிட்டது.

"என்ர ரெண்டாயிரத்து அறுநூற்று இருபது. உன்ர ஆயிரத்து நூற்றுப் பதினைஞ்சு. அதிலயும் நான்தான் பெரிசு. ஐ-த்ரீ, நீ தேடிப்போய்த் தோத்திருக்கிறாய்."

வகுப்பு மறுபடியும் சிரித்தது. கிருசாந்திகூடச் சிரித்துவிட்டுப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வினோஜா எழுந்து வெளியே போனாள். தண்ணீர்க் குழாயடியில் குந்தி, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் 1115 என்று எழுதினாள். அழித்தாள். 2620 என்று எழுதினாள். குச்சி முறிந்தது. கோபத்தில் எழுதினால் குச்சி முறியத்தான் செய்யும்.

கிருசாந்தி வந்து பக்கத்தில் குந்தினாள். "சிரிச்சது பிழைதான்," என்றாள். "அவன் எண்ணின விதம் பகிடியாக் கிடந்துது. ரெண்டாயிரத்து அறுநூற்று இருபது. மாடு எண்ணுற மாதிரி."

வினோஜா நிமிர்ந்தாள். "என்ன சொன்னனீ?"

"மாடு எண்ணுற மாதிரி எண்டனான்."

நிரோஜனும் அப்படித்தான் எண்ணினான். முந்நூறை விட முந்நூற்றறுபது பெரிசு என்றான். வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் வகுப்புத் தம்பி விட்ட அதே பிழையை விட்டிருக்கிறான். வினோஜா முறிந்த குச்சியால் 1115 என்று மறுபடி எழுதினாள். முதல் இரண்டு இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தாள். பதினொன்று ஒரு பக்கம், பதினைந்து மறுபக்கம்.

"பதினொண்டு," என்றாள். "வரியின்ர தொடக்கத்தில பதினோராம் தலைமுறை எண்டு எழுதியிருந்தது. இலக்கமும் பதினொண்டிலதான் தொடங்குது."

"தற்செயலா இருக்கும்."

"இன்னொண்டைப் பாப்பம்."

அறைக்குள் மீண்டும் போய், ஐந்து வைத்திருந்தவர்களின் திரைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்கள். கிருசாந்தியின் மூன்றிலும் 1115தான். ஒரு மெல்லிய சாம்பல் கணினியில் 1135 என்று இருந்தது. அதன் முன்னாலும் பதினோராம் தலைமுறை என்று போட்டிருந்தது. தடித்த கறுப்பு ஐந்துகளில் 2520. அவற்றில் தலைமுறை எழுதியிருக்கவில்லை. ஆனால் முன்னுக்கு நின்றது இரண்டு.

"அப்ப ரஜிதன்ர ரெண்டாம் தலைமுறை," என்றாள் கிருசாந்தி மெதுவாக. "என்ர அப்பப்பாவுக்கு அப்பப்பா மாதிரி."

"ஒரே தலைமுறைக்குள்ள எண்டால் ஏழுதான் பெலன், மூண்டு குறைவாத்தான் இருக்கும். ஆனா இது எப்பவோ செய்த ஏழு. என்ர அதுக்கு எவ்வளவோ பிறகு செய்த மூண்டு."

"அந்தக் கடைசியில இருக்கிற ஜி4?"

"தெரியாது," என்றாள் வினோஜா. "எம் என்னெண்டும் தெரியாது. நான் சொல்லுறதே சரியோ பிழையோ எண்டு படத்தை ஓடவிட்டுப் பாத்தால்தான் தெரியும்."

ஓடவிடப் படம் வேண்டுமே. படம் ரஜிதனிடம் இருந்தது. வினோஜா நேரே போய் அவனுடைய மேசையில் கையை ஊன்றினாள்.

"உன்ர மெஷின் பழசு. என்ர புதுசு. என்ர குரங்கைத் தா."

கேட்ட விதம் சரியில்லை என்று கிருசாந்தி பிறகு சொன்னாள். ஆனால் கோபமாக இருப்பவர்களுக்குக் கேட்கும் விதமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே நினைவு வருகிறது?

"உனக்குப் பொறாமை," என்றான் ரஜிதன். கணினியின் மூடியைச் சாத்தினான்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். ரீச்சர் அதிபரின் அறையில் கூட்டத்தில் இருந்தார். மறந்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க வந்த வினோஜாவும் கிருசாந்தியும் கணினி அறை வாசலில் நின்றுவிட்டார்கள். உள்ளே இருந்து உழவு இயந்திரம் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல்.

ரஜிதன் தனியாக இருந்தான். ஒரு கொப்பியால் மடிக்கணினிக்கு விசிறிக்கொண்டிருந்தான். காய்ச்சல்காரருக்கு விசிறுவதுபோல அவ்வளவு கவனமாக விசிறினான். திரையில் குரங்கு ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது.

"நல்லா வேணும்," என்றாள் வினோஜா. அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் இனிமையாகக்கூட இருந்தது.

ரஜிதன் திரும்பவில்லை. "படத்தை அடுக்கிப்போட்டுச் சேமிக்கக் குடுத்தால் பாதியில நிண்டிடுது," என்றான். "ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். தொட்டுப்பார், சுடுது."

"ரீச்சரிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? எல்லாத்திலும் பெரிய மெஷினைத் தந்தும் செய்யத் தெரியேல்ல, இவனெல்லாம் என்ன முதலாம் பிள்ளை எண்டு கேப்பினம். எனக்குத்தான் செய்யத் தெரியேல்லையெண்டு நினைச்சன்."

 அதே நேரம் இரைச்சல் நின்றது. திரை கறுத்துவிட்டது. குரங்கையும் காணவில்லை.

நாளைக் காலை துணுக்காய்க்குப் போக வேண்டும். வினோஜா அங்கேயே நின்று கத்தியிருக்கலாம். கத்துவதற்கான எல்லா நியாயமும் அவளிடம் இருந்தது. ஆனால் ரஜிதன் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டான். கொப்பிக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின.

"அழாத," என்றாள் வினோஜா. "எனக்கு உன்னில இன்னும் கோபம் போகேல்ல. நீ அழுதால் ஒழுங்காக் கோபப்படவும் ஏலாமல் கிடக்கு. அந்தப் பென் டிரைவை எடு."

அவன் எடுத்தான். வினோஜா தன் கணினியைத் திறந்தாள். படங்கள் எல்லாம் அதில் ஏறின. எந்தத் தாளுக்குப் பிறகு எந்தத் தாள் என்று அவளுக்குத் தெரியும். எந்தப் படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இத்தனை நாளும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்திருந்ததால் அவனுடைய விரல்கள் தாமாகவே ஓடின.  குரங்கின் சத்தத்தைக் கிருசாந்தி கொடுத்தாள். அவள் கொடுத்த சத்தத்தைக் கேட்டு வெளியே மதிலில் இருந்த ஒரு மெய்க் குரங்கு உள்ளே எட்டிப் பார்த்தது.

"சேமிக்கக் குடுக்கிறன்," என்றாள் வினோஜா.

பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. ரஜிதன் பழக்கத்தில் கொப்பியைத் தூக்கி விசிற ஆயத்தமானான். விசிறத் தேவை வரவில்லை. கணினியில் சத்தமே இல்லை. கிருசாந்தி ஒரு கொய்யாக்காயைக் கடித்து முடிக்கமுன் கோடு கடைசிக்குப் போய்விட்டது. குரங்கு வகுப்புக்குள் நடந்து வந்து, வாங்கில் ஏறி, எல்லோருடைய பெயருக்கும் கை தூக்கியது. வால் அசைந்தது. வால் சரியாகவே அசைந்தது.

ரஜிதன் அவளுடைய கணினியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். பிறகு தன்னுடையதைப் பார்த்தான். "இது எப்பிடி?"

"உங்கட வீட்டில என்ன நெல்லு விதைக்கிறனீங்கள்?"

"இந்தமுறை முந்நூறு. முந்தி முந்நூற்றறுபது. ஏன்?"

"முந்நூற்றறுபது பெரிசுதானே. முந்நூறு சின்னன்."

"விசரே உனக்கு? அது பெரிசு சின்னன் இல்லை. முன்னுக்கு நிக்கிறது மாதம், அதைத் தனியா..." ரஜிதன் நிறுத்தினான். தன் கணினியில் இருந்த இலக்கத்தை ஞாபகப்படுத்திக்கொண்டான். உதடு அசைந்தது. "ரெண்டு," என்றான். "உன்ர பதினொண்டு."

"ஓம்," என்றாள் வினோஜா.

"நான் ரெண்டாயிரம் எண்டு எண்ணினன்."

"எல்லாருக்கும் முன்னால எண்ணினாய்."

அவன் தலை குனிந்துகொண்டான். 

வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பு தொடங்கியதும் வினோஜா எழுந்து நின்றாள்.

"ரீச்சர், படம் முடிஞ்சுது. ஆனா ஒண்டு சொல்ல வேணும். நீங்கள் கோவிக்கக் கூடாது."

"நீதான் கோவத்தோட நிக்கிறாய் போல கிடக்கு," என்றார் ரீச்சர்.

"ஓம். கோவம்தான்." தன் கணினியின் ஸ்டிக்கரில் விரலை வைத்தாள்.  "நீங்கள் ஸ்டிக்கரில இருக்கிற அரைப்பேரை மட்டும் வாசிச்சிட்டு எங்களுக்குப் பிரிச்சுத் தந்தனீங்கள். மிச்சப் பேர் உள்ளுக்குள்ள இருக்கு. அதை ஒருத்தரும் வாசிக்கேல்ல. நான் ஒருக்கால் செய்து பாக்கிறன் எண்டு கேட்டனான். நீங்கள் விடேல்ல. என்ர குரங்கைத் தூக்கிக் குடுத்திட்டியள்."

 ரீச்சரோடு யாரும் இப்படிக் கதைத்ததில்லை. ரீச்சரின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவளுடைய மேசைக்கு முன்னால் இருந்தார்.

"மிச்சப் பேரைக் காட்டு பாப்பம்."

வினோஜா காட்டினாள். பதினொன்றைக் காட்டினாள், இரண்டைக் காட்டினாள், நெல்லைச் சொன்னாள், நேற்று நடந்ததைச் சொன்னாள். ரஜிதன் அழுததை மட்டும் சொல்லவில்லை. ரீச்சர் தன் போனில் தேடிப் பார்த்தார். நெடுநேரம் வாசித்தார்.

"தலைமுறை சரி," என்றார். "அந்த ஜி4 படம் காட்டுற பெலத்துக்கான குறியாம். நான் இதை முதலே பாத்திருக்க வேணும். பாக்கேல்ல. பிழை என்னிலதான் பிள்ளை."

ரீச்சர் ஒருவர் பிழை என்னில் என்று சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வினோஜா மெல்ல வாங்கில் இருந்தாள்.

அதற்குள் பின் வாங்கில் இருந்து ஒரு சத்தம் வந்தது. "டேய் ரெண்டாம் தலைமுறை. கிழவா."

பத்து நிமிடத்துக்கு முன்வரை ஐ-செவன் என்று ரஜிதனின் பின்னால் திரிந்தவர்கள்தான் அதற்குச் சிரித்தார்கள். ஒருவன் எழுந்து வந்து கிருசாந்தியின் கணினியில் கை வைத்தான். "ரீச்சர், எனக்கு ஐ-த்ரீ தாங்கோ. இவளுக்கு அந்தக் கிழட்டு ஐ-செவனைக் குடுங்கோ." ரஜிதன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கிழமை முழுக்க வந்த கோபங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அப்போது வினோஜாவுக்கு வந்த கோபத்துக்குக் கிட்டவும் வராது.

"அவளின்ரயில இருந்து கையை எடு," என்றாள். பையன் கையை எடுத்தான். "என்னத்துக்குச் சிரிக்கிறியள்? படத்துக்கு நேரம் வச்சது ரஜிதன். ஓடாத மெஷினோட ஒவ்வொரு நாளும் இருந்து மல்லுக்கட்டினதும் அவன்தான். பழசு அந்த லப்டொப். அவன் இல்லை. அவன்ர பேர் ரஜிதன். இவள் கிருசாந்தி. நான் வினோஜா. இனி ஆராவது எங்களை இலக்கம் சொல்லிக் கூப்பிட்டியளெண்டால், நான் ரீச்சரிட்டச் சொல்லமாட்டன். நானே பாத்துக்கொள்ளுவன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளே பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ரீச்சரும் அவளைத் தடுக்கவில்லை.

"கறுப்பு மெஷினுகளில கட்டுரை எழுதலாம், கணக்குச் செய்யலாம். அதுக்கு நல்லா ஓடும்," என்றார் ரீச்சர், எழுந்தபடி. "படம் செய்யிற வேலைக்கு மெல்லிசுகளை மாறி மாறி எடுப்பம். ஆருக்கு என்ன வேலையெண்டு திங்கட்கிழமை இருந்து கதைச்சுப் பிரிப்பம். இப்ப பஸ் வரப்போகுது. படம் செய்தவை வாங்கோ."

வினோஜா எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். ரஜிதன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

"உன்னையும்தான்," என்றாள். "எழும்பி வா. கிருசாந்தி, நீயும் வா. சத்தம் நீதானே."

பஸ்ஸில் நெரிசல். மூன்று பேரும் ஒரு இருக்கையில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். வினோஜா மடியில் கணினியைத் திறந்து கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். குரங்கு வந்தது. வாங்கில் ஏறியது. முதல் பெயருக்குக் கை தூக்கியதும் பின் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவருக்குப் பின்னால் நின்றவர்கள் குனிந்தார்கள். காசு வாங்க வந்த கொண்டக்டர் காசை மறந்து கம்பியில் சாய்ந்து நின்றார்.

"ஆர் தங்கச்சி இதைச் செய்தது?"

"நான்," என்றாள் வினோஜா. பக்கத்தில் திரும்பினாள். "நான் கீறினனான். இவன் ஓட்டினவன். அந்தச் சத்தம் இவள்."

"இன்னொருக்கால் போடுங்கோ பிள்ளையள்," என்றது யாரோ ஒரு குரல். மறுபடியும் போட்டாள். குரங்கு கை தூக்கும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸே சிரித்தது. துணுக்காய்ச் சந்தி வந்தது. பஸ் நின்றது. படம் முடியவில்லை, அதனால் ஒருவரும் இறங்கவில்லை.

அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் கோபமாக இருந்தவர் சாரதி ஒருவர்தான். அவர் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால் திரை தெரியவில்லை.